வள்ளலாரும் ஒரு ஏக்கர் நிலமும் இறால் பண்ணையும்

நம்ம ஈ.சி.ஆர்.ல முட்டுக்காடு படகுத்துறையைத் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. அதே ஊர்லதான் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தோட ஆராய்ச்சி நிலையமும் இருக்கு. இறால் வளர்ப்பு பத்தி ஆராயற இடம். அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு ஒரு அம்மா ஞாபகம் வரும். நாகப்பட்டினம் கடற்கரையில் இறால் பண்ணைகளை எதிர்த்து நின்ற கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்.

1926ல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஏழை தலித் குடும்பத்தில் பிறந்தவர். கர்ப்பிணியாக இருந்தபோதும் உடல் நோக உழைத்த தன் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவர். 1950ல் காந்தியவாதி ஜெகந்நாதனை மணந்தார். ரெண்டு பேரும் வினோபாவின் பூதான இயக்கத்துல இறங்கினாங்க. (1956ல் வினோபா வந்த சர்வோதய மாநாடு காஞ்சிபுரத்துல நடந்தது. அப்போ அது எங்க செங்கல்பட்டு மாவட்டம், சொல்லிட்டேன் :-))

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அதன்பின் தம்பதியின் வேலை கீழத்தஞ்சைக்கு மாறியது. 1981ல் 'லாஃப்டி' என்ற நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தார்களிடம் பேசி நிலம் வாங்கி, குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்று சுமார் 13,000 குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பேர்ல!

கிருஷ்ணம்மாள் வள்ளலார் பக்தை. 1867ல் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையலைங்க. பசி தீர்ப்பதே வழிபாடு என்றவர் வள்ளலார். சோறு போட்டா ஒரு வேளைப் பசி தீரும், நிலம் கொடுத்தா தினமும் அடுப்பெரியும். இவர் செஞ்சதை நான் அப்படித்தான் புரிஞ்சுக்கறேன்.

தொண்ணூறுகளில் வந்தது இறால். கடல்நீரைக் குளத்தில் தேக்கினால் உப்பு நிலத்தடிக்கு இறங்கும். குடிநீர்க் கிணறு கரிக்கும், பக்கத்து வயல் பாழாகும். அடி யாருக்கு? நடவும் களையெடுப்பும் போனால் கூலி போவது பெண்களுக்கு. நல்ல தண்ணிக்குக் குடத்தோட தூரம் நடக்கறதும் அவங்கதான். அதனால கிருஷ்ணம்மாளுக்கு இது 'சுற்றுச்சூழல் பிரச்னை'ன்னு தனியா ஒண்ணு இல்லை. அதே பசி, அதே பெண்கள்.

களத்தில் சத்தியாகிரகம், கோர்ட்டில் ஜெகந்நாதன் பெயரில் வழக்கு. 1996 டிசம்பர் 11ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைப்படியான மண்டலத்துக்குள் இறால் குளங்கள் கூடாது, இருப்பவற்றை இடிக்கணும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரணும். மண்டலம்னா பெரும்பாலும் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர். பாரம்பரிய முறை வளர்ப்புக்கு மட்டும் விலக்கு.

ஜெயிச்சாச்சா? இல்லீங்க. 2005ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு மறுபடி வழி விட்டது. ஜெகந்நாதன் 2013ல் காலமானார். கிருஷ்ணம்மாளுக்கு 2008ல் ரைட் லைவ்லிஹுட் விருது, 2020ல் பத்மபூஷண். இறால் குளங்கள் இன்னமும் இருக்கு.

ஆனா பெண்கள் பேர்ல எழுதின பத்திரத்தை எந்தத் திருத்தச் சட்டமும் தொடலை. மண்ணைக் காப்பாத்தணும்னு நாம பேசலாம், எழுதலாம். ராத்திரி பகலா காவல் நிக்கறது அந்த மண்ணுல பங்கு உள்ளவங்கதான். மாமல்லபுரம் வரைக்கும் 'கடல் பார்த்த மனை' விளம்பரம் பார்க்கறப்போ எனக்கு வர்ற கேள்வி இதுதான்: இந்தக் கரையில மீன் விக்கற பெண்கள்ல எத்தனை பேர் பேர்ல ஒரு சென்ட் நிலமாவது இருக்கும்?