பொது மருத்துவமனை மனநல மருத்துவம்

காய்ச்சல், எலும்பு முறிவு, பிரசவம் என எல்லாவற்றுக்கும் மக்கள் வந்துபோகும் மருத்துவமனையிலேயே மனநோய்க்கும் சிகிச்சை தரும் முறை. மனநலப் பிரிவு தன் புறநோயாளிகளையும் உள்நோயாளிகளையும் கவனிப்பது இதன் ஒரு பகுதி. பிற வார்டுகளில் இருப்போரை அவ்வார்டு மருத்துவர் அழைக்கும்போது சென்று பார்ப்பது மறுபகுதி.

வரலாறு

சென்னையில் 1794இல் வாலன்டைன் கொனாலி மனநோயாளர் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுக் காப்பகம் திறக்கப்பட்டது. நோயாளியை ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் பிரித்து மதிலுக்குள் வைப்பதே அக்கால வழக்கம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்ற ஏச்சு அவ்வழக்கம் விட்டுச்சென்ற வடு. அதற்கு அஞ்சியே பல குடும்பங்கள் நோயை மறைத்தன.

1933இல் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநலப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியப் பொது மருத்துவமனைகளில் இதுவே முதலாவது. 1938இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை பின்தொடர்ந்தது. 1950களில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்ததும், கட்டிவைக்காமல், பூட்டிவைக்காமல் சாதாரண வார்டிலேயே பலரைத் தேற்ற முடிந்தது. 1957இல் தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்தது.

1982இல் தேசிய மனநலத் திட்டம் உருவானது. 1985இல் பெல்லாரியில் நடந்த முன்னோட்டத்தை அடியொற்றி மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களுள் திருச்சியும் ஒன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். ஊருக்கு அருகே சிகிச்சை கிடைக்காததன் விலை அது.

வார்டில் நடப்பது

காலொடிந்து எலும்பு வார்டில் சேர்ந்தவர் இரண்டு மூன்று நாளில் கைநடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுகிறார், ஊசிக்குழாயைப் பிடுங்குகிறார். உறவினர் ‘காத்துக் கருப்பு’ என்கின்றனர். தினமும் குடித்தவர் திடீரென மது நின்றதால் பட்ட பாடு இது. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. லோரசெபாம் போன்ற மருந்தும் தயமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வருவோர், பிள்ளை பெற்றபின் மனம் சோர்ந்த தாய்மார், புற்றுநோயாளிகள் ஆகியோருக்கும் மனநலப் பிரிவின் துணை தேவைப்படுகிறது. உடலைத் தேற்றி அனுப்பும் நாளிலேயே மனத்தையும் விசாரிக்க இம்முறை வழிசெய்கிறது.

சட்டமும் இன்றைய நிலையும்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பொதுச் சுகாதாரச் சேவையின் எல்லா மட்டங்களிலும் மனநலச் சேவையைச் சேர்க்க அரசைப் பணிக்கிறது. உடல்நோய்க்கு நிகராக மனநோயையும் நடத்தச் சொல்கிறது. நெய்வேலியை ஒட்டிய முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்களுக்கு இது ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. சென்னைக்குச் சிகிச்சைக்குப் போனால் நோயாளியின் கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மாதாமாதம் போக முடியாமல் மாத்திரை பாதியில் நிற்கும், நோய் திரும்பும். கடலூருக்குப் போவது அதைவிட எளிது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை கிடைத்தால் இன்னும் நல்லது. சர்க்கரை மாத்திரை வாங்கும் அதே சன்னலில் மனநோய் மாத்திரையும் தட்டின்றிக் கிடைப்பதே இம்முறையின் வெற்றிக்கு அளவுகோல்.

2022 முதல் இயங்கும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.