ஓர் ஊர், இரு சரம்

திருகோணமலையைப் போலப் பல வடிவிற் பெயர் வழங்கும் ஊர்கள் ஈழத்திற் சிலவே. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் கோணமாமலை என்று பாடினார். மகாவம்சம் கோகண்ண என்றது. ஆங்கிலேயர் டிரிங்கோமலி என்றனர். இன்றும் 'திருகோணமலை' என்பாரும் 'திருக்கோணமலை' என்பாரும் உளர். தெற்கேயுள்ள இலங்கைத்துறைக்குச் சிங்களத்தில் லங்காபட்டுன என்று பெயர். இவை ஓரிடத்தைக் குறிக்கும் பெயர்கள் என்பதை மனிதர் அறிவர், கணினி அறியாது. அதற்குப் பெயரென்பது எண்களின் வரிசை மாத்திரமே. அவ்வரிசையையே எழுத்துச்சரம் என்பர்.

சரங்களை ஒப்பிடுவதில் நேரும் பிழை பழையது. சீ மொழியில் இரட்டைச் சமன் குறியை இட்டால், எழுத்துக்கள் அல்ல, அவை நினைவகத்தில் இருக்கும் முகவரிகளே ஒப்பிடப்படும். 1995இல் வெளிவந்த ஜாவாவிலும் இவ்விடர் தொடர்ந்தது. ஆயின் இங்கே அது மறைந்து நின்றது. நிரலுக்குள்ளேயே 'மூதூர்' என இருமுறை எழுதினால் ஜாவா அதனை ஓரிடத்திலேயே வைக்கும். சோதனையில் விடை சரியாகவே வரும். படிவமொன்றிலிருந்து வாசிக்கப்படும் 'மூதூர்' வேறிடத்தில் அமரும்; அப்பொழுது இரண்டும் வேறென்று கணினி கூறிவிடும். நிரலை இயக்கிப் பார்த்து மட்டும் திருப்தியடைவோர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

எனவே, நிரலை இயக்காமலே அதன் வரிகளை ஆராயும் முறை வேண்டப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் இயற்றிய 'லின்ட்' இத்துறையின் முன்னோடி. (துணியிற் படியும் பஞ்சுத்தூசைக் குறிக்கும் சொல் அது, பொருத்தமான பெயரே.) மேரிலண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹோவ்மயரும் வில்லியம் பியூவும் 2004இல் எழுதி விளக்கிய 'ஃபைண்ட்பக்ஸ்', இரு சரங்களுக்கிடையே இரட்டைச் சமன் குறி வந்த வரியை நேரே சுட்டிக்காட்ட வல்லது.

தமிழருக்கு இது போதுமா? போதாது என்பதே எமது கருத்து. 'கொட்டியாரம்' என்பதன் முதலெழுத்தை யூனிகோட்டில் இரு வகையாகப் பதியலாம்: ககரத்தின்பின் ஒகரக் குறி ஒன்றையே இடலாம், அன்றி எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். திரையிலே வேறுபாடு தோன்றாது. சமன் குறியை நீக்கி, எழுத்தெழுத்தாக ஒப்பிடும் சரியான முறையைக் கையாண்டாலும் இவை வேறெனவே விடை வரும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குச் சீராக்குதல் வேண்டும். சீராக்காத ஒப்பீட்டைச் சுட்டும் விதியொன்றை ஆய்வுக் கருவியிற் சேர்ப்பது அரிதன்று.

2006இல் ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். அத்தகையோரின் பெயர்ப் பட்டியலைக் காணிப் பட்டியலோடு கணினி ஒப்பிடுமாயின், 'கோணேசன்' என்ற ஒருவரே இருவராகலாம். காணிக்குரியவர் பட்டியலில் இல்லை என்றும் முடிவாகலாம்.

திருகோணமலை, திருக்கோணமலை என்னும் வேறுபாட்டையோ எந்தச் சீராக்கமும் தீர்க்காது. அங்கே வேறுவேறு எழுத்துக்களே உள்ளன. ஊரறிந்த ஒருவர் இருந்து பெயரட்டவணையொன்றை எழுதிக் கொடுத்தாலன்றி அது முடியாது.