ஈப்போவின் பெயர்ப்பலகைகளில் தமிழ்

ஈப்போ என்பதே ஒரு மரத்தின் பெயர். அதன் நச்சுப் பாலை அம்பு நுனியில் தோய்த்து, ஊதுகுழல் கொண்டு வேட்டையாடினர் இம்மண்ணின் பூர்வகுடிகள். பின்னர் ஈயம் தோண்ட வந்தவர்கள் கிந்தா பள்ளத்தாக்கை நகரமாக்கினர். 1988இல் அது மாநகரமாயிற்று. நம்மவர் வந்ததோ பெரும்பாலும் வேறொரு பால்மரத்தை நாடி.

இன்றைய உரைக்கு எனக்குத் தரப்பட்ட பொருள் 'ஈப்போ வட்டாரம் தந்த பெருமக்கள்'. மொழியியல் பயின்றவன் மனிதரை விட்டுவிட்டு அவர் பெயரைப் பற்றிக்கொள்வான். அது எங்கள் தொழில்நோய். ஆகவே ஈப்போவின் சாலைகளிலும் பூங்காவிலும் எழுதப்பட்டுள்ள மூன்று பெயர்களிலிருந்தே தொடங்குகிறேன்.

முதற்பெயர் சிபில் கார்த்திகேசு. ஃபேர்பார்க் பகுதியில் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. 1899இல் மேடானில் யூரேசியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தாதியும் மருத்துவச்சியும் ஆவார். தைப்பிங்கைச் சேர்ந்த மருத்துவர் கார்த்திகேசுவை 1919இல் மணந்து, அவரோடு ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்தினார். சப்பானியர் வந்தபின் குடும்பம் பாப்பான் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. கண்டோனியம் சரளமாகப் பேசிய அப்பெண்மணி, காட்டிலிருந்து இரவில் வந்த எதிர்ப்புப் படையினரின் காயங்களுக்கு மருந்திட்டார். ஒளித்துவைத்த வானொலியில் நேசநாடுகளின் செய்தி கேட்டார். 1943இல் கைதானார். அவர் வாயைத் திறக்கவைக்கப் பெற்ற மகளையே நெருப்பின்மேல் தொங்கவிடுவதாக மிரட்டியும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்ததும் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12 அன்று மறைந்தார்.

கார்த்திகேசு என்பது கார்த்திகேயனின் பெயர். ஈழத்தமிழரிடையே மிகுதியாக வழங்கும் வடிவம் இது. ரோமன் எழுத்தில் ஏறும்போது இதன் ரகரம் உதிர்ந்துவிட்டது. என் மாணவர் ஒருவர் சாலைப்பலகையைப் பார்த்துத் தம் கட்டுரையில் 'கதிகாசு' என எழுதியிருந்தார். திருத்தினேன், ஆனால் குறை அவருடையதன்று. ஈப்போவில் மிகவும் புகழ்பெற்ற தமிழ்ப்பெயரைச் சுமந்தவர் பிறப்பால் தமிழரல்லர். அப்பெயரைத் தமிழில் எழுதவேண்டிய தமிழ்ப்பிள்ளைக்கோ அது தமிழ்ப்பெயர் என்பதே தெரியவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சீனிவாசகம். வழக்கறிஞர்களான இரு சகோதரர்கள், டி. ஆர்., எஸ். பி. என்ற முதலெழுத்துகளாலேயே அறியப்பட்டவர்கள். சீனிவாசன் என்பது 'வாசகம்' எனத் திரிந்ததற்கு மாணிக்கவாசகம் போன்ற பெயர்களின் சாயல் காரணமாகலாம் என்பது என் ஊகம். மக்கள் முற்போக்குக் கட்சியைக் கட்டிய இவர்களுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். மலாயோடு சீனமும் தமிழும் ஆட்சிமொழிகளாக வேண்டும் என்று வாதிட்டனர். ஓர் அமைச்சர்மீது டி. ஆர். ஊழற்குற்றம் சாட்ட, அவ்வமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்துத் தோற்று, 1965இல் பதவி விலகினார். டி. ஆர். 1969 மார்ச்சில் மறைந்தார். அடுத்த மே மாதத் தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் 12ஐ அக்கட்சி வென்றது. நகரின் நடுவே உள்ள பூங்கா இன்று அவர் பெயரில் இருக்கிறது.

மூன்றாமவருக்கு ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சாலைகள் உண்டு. வீராசாமி திருஞானசம்பந்தன், சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்ட உரிமையாளரின் மகனாக 1919 ஜூன் 16 அன்று பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அவருடைய 29ஆம் பிறந்தநாளன்று, அதே வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதிலிருந்தே அவசரகாலம் பிறந்தது. சம்பந்தன் 1954இல் தம் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவினார். திறந்துவைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். மறுஆண்டு ம.இ.கா.வின் தலைவரானார்.

அவர் செய்தவற்றுள் நான் பெரிதாகக் கருதுவது அமைச்சர் பதவியன்று. விடுதலைக்குப்பின் வெள்ளையர் தோட்டங்களை விற்றுக் கிளம்பினர். வாங்கியவர் கூறுபோட்டு விற்றனர். தொழிலாளிக்கு வேலையோடு வீடும் போயிற்று, ஏனெனில் லயத்து வீடு தோட்டத்துக்குரியது. இதற்கு நம் மக்கள் 'துண்டாடல்' என்று பெயரிட்டனர். எந்த அகராதிக்குழுவும் கூடி ஆக்காத சொல். அதைவிடப் பொருத்தமானதை நானும் கண்டதில்லை. இதை எதிர்கொள்ளவே 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, பால்மரம் வெட்டுவோரிடம் சிறுசிறு தவணையாகப் பங்குத்தொகை திரட்டினார். மறுஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

ஆனால் பணம் தந்தவர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்களும் பெயர் வைத்தவர்களே. கம்பெனிப் பதிவேட்டில் ஆங்கிலப் பெயரோடு இருந்த தோட்டத்துக்குத் தொழிலாளரிடையே வேறொரு தமிழ்ப்பெயர் வழங்கியது. மலையின் வடிவம், கோயில், ஒரு துரையின் நடையோ மூக்கோ காரணமாக அமையும். கித்தா என்ற சொல்லை மலாயிலிருந்து எடுத்துத் தமிழாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். காலை வருகைக் கணக்கெடுப்பான ஆங்கிலப் 'பரேடு' அவர்கள் வாயில் 'பெரட்டு' ஆயிற்று. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது ஆங்கிலப்பெயர் பத்திரத்தில் தங்கியது. தமிழ்ப்பெயர் தங்குவதற்கு இடமில்லை.

புந்தோங்கில் முதியவர் ஒருவரிடம் அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டேன். ஆங்கிலப்பெயரைத் திக்கித்திக்கிச் சொன்னார். "நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க ஐயா?" என்றதும் முகம் மலர்ந்து, தமிழ்ப்பெயரையும் அது வந்த கதையையும் அரைமணி நேரம் சொன்னார். அருகிலிருந்த பேரனுக்கு அது புதுச்செய்தி.

இந்நூலின் கடைசிப் பக்கத்தை வெற்றாக விடுமாறு கேட்டுக்கொண்டேன், மன்றமும் இசைந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் பிறந்த தோட்டத்தின் தமிழ்ப்பெயரை, அவர் ஒலிக்கும் வண்ணமே, திருத்தாமல் அதில் எழுதுங்கள். ஆங்கிலப்பெயரும் பெயர்க்காரணமும் தெரிந்தால் அவற்றையும் சேர்த்து, அப்பக்கத்தைக் கிழித்து மன்றத்துக்கு அனுப்புங்கள்.