ஏட்டில் ஏறிய பெயர்கள்

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, கீழ்ப் பழனி மலைகளின் அடிவாரத்தில், குடகனாற்று நீரை நம்பி நெல்லும் தென்னையும் விளைக்கும் ஆத்தூர் வட்டாரத்தை உழவர் பூமி என்றே வெளியூரார் எண்ணுவது வழக்கம். ஆயினும் அவ்வட்டாரத்தின் கிழக்கே, மதுரை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய சின்னாளபட்டியில் தெருவுக்குத் தெரு தறி ஓசை கேட்ட காலத்தையும், அவ்வூரின் பக்கத்திலேயே காந்திகிராமம் என்னும் ஸ்தாபனம் எழுந்த வரலாற்றையும் அறிந்தோர், தொழிலாளி தன் தொழிலில் மனம் ஒன்றி நிற்பதற்கு என்ன வேண்டும் என்னும் கேள்விக்கு இம்மண் பல தலைமுறைகளாக விடை தேடி வந்திருப்பதை உணர்வர். இன்று பெருங்கம்பெனிகள் இதற்கெனவே அதிகாரிகளை நியமிக்கின்றன. ஊழியரின் ஈடுபாட்டை வளர்ப்பது எப்படி, ஜாதியாலும் பாலினத்தாலும் எவரும் ஒதுக்கப்படாமல் காப்பது எப்படி என்று வகுப்பெடுக்கின்றன. அவ்வகுப்புகளில் சொல்லப்படாத பாடங்கள் சில நம் ஊர்களின் பழங்கணக்குப் புத்தகங்களில் கிடக்கின்றன.

கைத்தறி நெசவாளனுக்கு முதலாளி அளித்தவை நூலும், தறியில் நெடுக்கிழைகளாக ஏற்றும் பாவும், முன்பணமும் ஆகும். தறி அவன் வீட்டிலேயே இருந்தது. தொழிலும் அவன் கையிலேயே இருந்தது. எனினும் வாங்கிய முன்பணம் தீரும்வரை அவன் வேறொருவரிடம் பாவு வாங்க முடியாது என்னும் வழக்கம், பூட்டும் சங்கிலியும் இன்றியே அவனைக் கட்டிப்போட்டது. நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, இழை அறுந்தது, சாயம் மங்கியது, எடை குறைந்தது என்று குற்றங் கண்டு கூலியிற் பிடிப்பதற்கு முதலாளிக்கு அதிகாரம் இருந்தது. அக்குற்றம் மெய்யா பொய்யா என்று கேட்பதற்கு நெசவாளனுக்கு ஒரு சபை இல்லை. வேலைத்திறம் வாய்ந்த மனிதன், தன் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்பதைக்கூட அறியாமல், தலைமுறை தலைமுறையாக நெய்துகொண்டிருந்தான்.

இந்நிலையை மாற்றுவதற்கு வந்த உபாயமே கூட்டுறவு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-இல் 28 பேர் கூடித் தொடங்கிய சிறு கடையிலிருந்து உலகெங்கும் பரவிய அத்தத்துவம், 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்தியாவிற் கடன் சங்கங்களாக உருக்கொண்டு, 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உற்பத்தித் தொழில்களுக்கும் விரிந்தது. 1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், அதாவது பிற்காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் என்று வீடுதோறும் அறியப்பட்ட ஸ்தாபனம், தோன்றியது. ஊர்தோறும் அமைந்த சங்கங்கள் நூலை மொத்தமாக வாங்கி உறுப்பினருக்கு அளித்தன. துணியைத் தாமே விற்றன. லாபத்தில் ஒரு பங்கைத் திரும்பக் கொடுத்தன. இவை யாவும் பொருளாதார நன்மைகள். இவற்றினும் விசேஷமானது வேறொன்று: பங்குத்தொகை எவ்வளவாயினும் ஆளுக்கு ஓர் ஓட்டே என்னும் விதியின் கீழ், நேற்றுவரை முதலாளி வீட்டுத் திண்ணையின் கீழே நின்றவன், பொதுச்சபைக் கூட்டத்தில் உட்கார்ந்து, தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் கணக்கைக் காட்டச் சொல்லவும் உரிமை பெற்றான். சங்கத்தின் அங்கத்தினர் ஏட்டில் அவன் பெயர் ஏறியது அவ்வுரிமைக்கு அஸ்திவாரம்.

ஆனால் அவ்வேட்டை நிதானமாகப் புரட்டுவோர்க்கு இரண்டு குறைகள் புலப்படும். தமிழ்நாட்டின் நெசவூர்கள் பலவற்றில் முதலாளிகளே பினாமிப் பெயர்களைச் சேர்த்துச் சங்கங்களை நிறுவி, அரசாங்கம் அளித்த நூலையும் தள்ளுபடியையும் தாமே அனுபவித்தனர். பெயர் இருந்தது, அப்பெயருக்குரிய மனிதன் சபையில் இல்லை. மற்றக் குறை இன்னும் ஆழமானது. விடியுமுன் எழுந்து ஊடைநூலைத் தாராகச் சுற்றியவள் பெண். பாவு பிணைத்தவள் பெண். தெருவில் நீட்டிய பாவுக்குக் கஞ்சியிட்டுக் காயவைக்கையில் கூட நின்றவளும் பெண். ஒரு சேலைக்குரிய கூலி, தறியில் உட்கார்ந்தவன் பெயரிலேயே எழுதப்பட்டமையால், அவளுடைய உழைப்பு அக்கூலிக்குள்ளேயே கரைந்து, எந்தக் கணக்கிலும் தனியே காணப்படாமற் போயிற்று. ஒருவனை உள்ளே அழைத்த வாசலே அவன் பக்கத்தில் இருந்தவளை வெளியே நிறுத்தியது என்பதை அக்காலத்தில் அநேகர் கவனித்ததாகத் தெரியவில்லை.

கவனித்த ஒரு பக்கமும் உண்டு. அதே 1935-இல் அகில பாரத சர்க்கா சங்கம், காந்தியடிகளின் வற்புறுத்தலால், நூல் நூற்கும் பெண்களுக்கு ஜீவனத்துக்குப் போதுமான கூலி அளிக்கவேண்டும் என்னும் கொள்கையை ஏற்றது. கதரின் விலை ஏறும், வாங்குவோர் குறைவர் என்று அனுபவசாலிகள் ஆட்சேபித்தும், நூற்பவளின் வயிற்றைக் காயவைத்து விற்கும் மலிவு தமக்கு வேண்டாம் என்பதே காந்தியடிகளின் நிலை. நூற்பவளைக் கணக்கில் ஏற்றி, அவள் நேரத்துக்கு விலை மதித்த அக்கொள்கையின் வழியில் வந்ததே காந்திகிராமம்.

இளமையில் விதவையாகி, பின்னர் டெல்லியில் மருத்துவம் பயின்று, காந்தியடிகளின் ஆசியுடன் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் புரிந்த டாக்டர் சௌந்திரம், தொழிலதிபர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வியார். பஸ் கம்பெனியும் பட்டறைகளும் பெருகிய குடும்பத்தில் பிறந்தவர், 1947-இல் கணவருடன் சேர்ந்து சின்னாளபட்டியின் அருகே காந்திகிராமத்தை நிறுவி, சிறு மருத்துவசாலை, ஆதாரக் கல்விப் பள்ளி, பெண்களுக்குச் சேவிகைப் பயிற்சி, கதர் மற்றும் கிராமக் கைத்தொழில்கள் என்று ஒவ்வொன்றாக வளர்த்தார். 1952 பொதுத் தேர்தலில் ஆத்தூர்த் தொகுதி அவரையே சென்னைச் சட்டசபைக்கு அனுப்பியது. பிற்காலத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று கிளைத்த அந்த ஸ்தாபனத்தில் சர்வமதப் பிரார்த்தனையும் சிரமதானமும் நித்திய நியமங்களாக இருந்தன. எந்த வேலையும் ஒரு ஜாதிக்கு உரியதன்று என்னும் கருத்தை உபதேசத்தால் அல்லாமல் துடைப்பத்தால் போதித்தனர். எனினும் நியாயமாகப் பார்த்தால், இவ்வகை ஆசிரம ஸ்தாபனங்களில் அன்பு மேலிருந்து கீழே வழிந்தது. கீழே இருப்பவர் மேலே கேட்கும் கேள்விக்கு அங்கே திட்டமான ஓர் இடம் அமைவது அரிது.

அவ்விடத்தை முதலில் அமைத்துக்கொண்டவர் ஆலைத் தொழிலாளர். 1918 ஏப்ரல் 27-இல், பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர் படும் துன்பங்கண்டு செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் எடுத்த முயற்சியால், பி.பி. வாடியாவைத் தலைவராகவும் திரு.வி.க.வை உற்ற துணையாகவும் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மதிய உணவுக்குப் போதிய இடைவேளை வேண்டும் என்பது அதன் ஆரம்பக் கோரிக்கைகளுள் ஒன்று. அத்தனை எளிய விஷயத்தைக்கூட ஆலை நிர்வாகத்திடம் சொல்வதற்கு ஒரு சங்கம் தேவைப்பட்டது என்பதிலிருந்து, அக்காலத் தொழிலாளியின் ஊமை நிலையை ஊகிக்கலாம். பிறகு 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் அமர்ந்த கமிட்டியை ஏற்படுத்த வகை செய்தது. சட்டம் வந்ததும் பல ஆலைகளில் கமிட்டி வந்தது. கமிட்டி வந்த இடமெல்லாம் குரல் வந்துவிடவில்லை.

இதற்குத் திண்டுக்கல் சமவெளியே சாட்சி. வேடசந்தூர், வத்தலக்குண்டுச் சாலைகளில் நூற்பாலைகள் பெருகிய காலத்தில், கிராமத்துப் பெண்களை மூன்று ஆண்டு விடுதியிலே தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொல்லும் முறை பரவிற்று. 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்கு மங்களமான பெயரும் இட்டனர். விடுதியின் வாயிற்கதவைத் தாண்ட அனுமதி வேண்டிய பெண், மேற்பார்வையாளரின் நடத்தையைப் பற்றி யாரிடம் முறையிடுவாள்? இத்தகைய மௌனத்தின் விலை 2021-இல் வெட்டவெளிச்சமாயிற்று. இம்மாவட்டத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த தலித் பெண் ஒருத்தி கொலையுண்டாள். அதன் பின்னர், பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், அத்தொழிற்சாலைக்கு உரிய ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், அதனிடம் ஆடை வாங்கிய எச் அண்ட் எம் கம்பெனியோடும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளின் துணையுடன் 2022-இல் செய்துகொண்டதே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. பாலினக் கொடுமையோடு ஜாதிக் கொடுமையையும் பெயர் சொல்லித் தடுக்கும் அவ்வேற்பாட்டில், 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் தொழிலாளர் நடுவிலிருந்தே கண்காணிப்போர் பயிற்றுவிக்கப்பட்டனர். ஒப்பந்தம் மீறப்பட்டால் ஆடை வாங்கும் கம்பெனிக்கும் கடமை உண்டு என்று அது வகுத்தது. தறிக்குப் பின்னால் பெயரின்றி இருந்தவளின் பேத்தி, தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, தன் பிரிவின் குறையை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் பெற்றாள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வரலாறு முழுவதிலும் ஒரே கிரமம் காணப்படுகிறது. முதலிற் பெயர் ஏட்டில் ஏறுகிறது. பிறகு அப்பெயருக்குரியவர் கேட்கவும் மறுக்கவும் ஒரு சபை அமைகிறது. அதற்கும் பின்னரே தொழிலில் ஈடுபாடு உண்டாகிறது. இக்கிரமத்தைத் தலைகீழாக்கி, ஈடுபாட்டை முதலிலே கேட்பது, விதைக்காத வயலில் அறுவடைக்கு ஆள் அனுப்புவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு முறையும் ஏடு விரிந்தபோது அதன் ஓரத்தில் ஒரு கூட்டம் விடுபட்டே வந்துள்ளது. இன்று அவ்வாறு விடுபட்டு நிற்பவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தமிழ்நாட்டு ஆலைகளுக்கு வந்து, ஒப்பந்தக்காரரின் ஏட்டில் மட்டுமே பெயருள்ளவர்களாய், நம் பாஷை அறியாமல் வேலை செய்வோர். ஊழியரின் மனத்தை வெல்ல விரும்பும் ஆலை, அவர்களுடைய பெயர்களைத் தன் சொந்த ஏட்டில் எழுதி, அவர்களுக்கு விளங்கும் பாஷையிலேயே கமிட்டியைக் கூட்டுவதிலிருந்து தன் காரியத்தைத் தொடங்கலாம்.