பேராதனையில் வளர்ந்த ஆய்வு மரபு

கற்றல் வேறு, ஆராய்தல் வேறு. முன்னையோர் கண்டறிந்தவற்றை உள்ளத்தில் இருத்திக்கொள்வது கற்றல். இன்னும் விடை காணப்படாத வினாவை எழுப்பி, அதற்குத் தக்க சான்று தேடுவது ஆராய்தல். பட்டப்படிப்பு மாணவனுக்கு முன்னது போதும், பின்னது பட்டம் பெற்றோர்க்கே உரியது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அவ்வெண்ணம் நம் நாட்டில் எவ்வாறு தளர்ந்தது என்பதை அறிய விழைவோர் கண்டி மாநகரை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நான்கு மைலுக்கு அப்பால், மகாவலி கங்கைக் கரையில் பேராதனை இருக்கின்றது.

1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபொழுது, அங்குக் கற்றோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளுக்கே தோற்றினர். தேர்வை வகுத்தோர் ஒரு நாட்டினர். கற்பித்தோரும் கற்றோரும் வேறொரு நாட்டினர். ஆசிரியர் பாடத்திட்டத்துக்குப் புறம்பான வினாவொன்றை எழுப்பினும், அதனைப் பின்தொடர்ந்து செல்ல மாணவனுக்கு ஓய்வும் இல்லை, ஊக்கமும் இல்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்று, சேர் ஐவர் யெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தரானார். கற்பிப்போரே தேர்வையும் வகுக்கும் உரிமை அப்பொழுதுதான் கிடைத்தது. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தபின், ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் உறையும் வாய்ப்பும் வந்து சேர்ந்தது.

இவ்வாய்ப்பின் பயனை முதலிற் கண்டது நாடக அரங்கு எனலாம். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாட்டார் நாடகங்களைத் தேடி ஆராய்ந்தவர். அவ்வாராய்ச்சியின் விளைவாகிய 'மனமே' நாடகம் 1956இல் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டே அரங்கேறியது. தமிழ்ப் பகுதியில் கலாநிதி சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவரைத் தமக்குத் துணையாக்கிக்கொண்டார். விடிய விடிய ஆடப்படும் கூத்தை அதன் ஆட்டமும் பாட்டும் கெடாமற் சுருக்கி, நகரத்து அரங்குக்கு ஏற்றவாறு அமைத்தார். 1962 முதல் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன இவ்வாறு மேடை கண்டன. அலங்காரரூபன் நாடகம், மூவிராசாக்கள் நாடகம் முதலிய பழைய கூத்து நூல்களையும் அவர் பதிப்பித்தார்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கூத்தின் தாளக்கட்டையும் வடமோடி, தென்மோடி வேறுபாட்டையும் ஊரில் கண்டும் கேட்டும் வளர்ந்தவர் மாணவர். அவற்றை ஒழுங்குபடுத்தி, ஒப்பிட்டு நோக்கும் முறையை அறிந்தவர் ஆசிரியர். ஒருவர் மற்றவரிடம் கற்றனர். இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய பெருநூலை 1998இல் வெளியிட்டார். மாணவப் பருவத்தில் ஊன்றிய விதை மரமாயிற்று.

விஞ்ஞானத் துறையிலும் இதே நெறி காணப்பட்டது. பேராதனை இரசாயனப் பகுதியில் பேராசிரியர் எம். யூ. எஸ். சுல்தான்பாவா அவர்கள் இளம் ஆய்வாளரைச் சேர்த்துக்கொண்டு, நம் காடுகளில் வளரும் மரங்களின் பட்டையிலும் கட்டையிலும் உள்ள சேர்வைகளைப் பிரித்தறிந்தார். வெளிநாட்டு நூல் விடை கூறாத வினாவுக்கு நம் நாட்டு மரமே விடை கூறியது.

உலகெங்கும் இத்தேவை உணரப்பட்டுள்ளது. 1810இல் நிறுவப்பெற்ற பேர்லின் பல்கலைக்கழகம் போதனையையும் ஆராய்ச்சியையும் இணைத்தது. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் 1969இல், மார்கரெட் மக்விக்கர் என்னும் அம்மையாரின் முயற்சியால், பட்டப்படிப்பு மாணவரைப் பேராசிரியரின் ஆய்விற் பங்குகொள்ளச் செய்யும் திட்டத்தை வகுத்தது. பேராதனையிற் கூத்தாடிய மாணவர் அத்தகைய திட்டம் எதனையும் அறியார். ஆயினும் அதன் பயனைப் பெற்றனர்.

இதனை யான் எழுதுவதற்கு ஒரு காரணமுண்டு. பகலிற் கற்பித்து, இரவிற் குறிப்புகளை மனனஞ்செய்து வெளிவாரிப் பட்டம் பெற்றவன் யான். அக்காலத்தில், "நீ என்ன கண்டாய்?" என்று என்னை வினவியவர் எவருமிலர். அக்குறையின் ஆழம் பின்னரே புலனாயிற்று. என் வகுப்பில் தோட்டத்துப் பிள்ளை ஒருவன், தன் பாட்டனார் காமன் கூத்தில் இரதி வேடம் புனைந்தவர் என்றான். "அவர் பாடுவதை எழுதி வா" என்றேன். இருபது பாட்டுகளுக்கு மேல் எழுதி வந்தான். "ஐயா, இச்சொல்லைத் தாத்தா ஒருவிதமாகப் பாடுகிறார், சித்தப்பா வேறு விதமாகப் பாடுகிறார். எதனை எழுதுவது?" என்று கேட்டான். விடை கூறும் பயிற்சி எனக்கில்லை. இரண்டையும் எழுதி, யார் பாடியது என்பதையும் குறித்து வைக்குமாறு சொன்னேன். அதுவே முறை என்பதைப் பிறகு நூல்களிற் கண்டேன். அடுத்த மாசியில் அம்முதியவர் இல்லை, அக்கொப்பி இருக்கின்றது.

வெளிவாரியாகக் கற்றோர் ஆராய்தல் இயலாதோ எனின், இயலும். 1943இல் நம் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலானந்தர், 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத் தேர்வில் தேறியவர். அவ்விஞ்ஞானத்தையே துணைக்கொண்டு பண்டை யாழின் நரம்புகளைக் கணித்து, 1947இல் யாழ் நூலை அளித்தார். கலையும் விஞ்ஞானமும் அவரிடம் பகை கொள்ளவில்லை. எனினும் எல்லாரும் விபுலானந்தர் ஆதல் அரிது. ஏனையோர்க்கு வழிகாட்டும் கை ஒன்று வேண்டும்.

ஆதலால், பட்டம் பெற்று ஆசிரியராகவிருக்கும் பழைய மாணவர்க்கும், இன்று பல்கலைக்கழகம் புகும் இளைஞர்க்கும் ஒன்று கூறுவேன். பேராதனை கற்பித்த பாடம் பெருஞ்செல்வம் வேண்டாதது. நல்ல வினாவொன்றும், அதனைப் பொறுமையுடன் கேட்கும் ஆசிரியர் ஒருவரும் போதும். மலைநாட்டின் லயங்களில் இன்னும் எழுதப்படாத ஏடுகள் பல, முதியோர் நினைவில் இருக்கின்றன. அவை நமக்காக நெடுநாள் காத்திரா.