மணவிலக்கும் சொத்துப் பகிர்வும்: மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்களில் இல்லற உழைப்பின் மதிப்பு

திருமணம் முறியும்போது சொத்தைப் பகிர்வதற்கு முன், எது திருமணச் சொத்து என்பதை வரையறுத்தாக வேண்டும். ஊதியமின்றி இல்லத்தில் உழைத்தவரின் பங்கைப் பெரிதும் தீர்மானித்தது இவ்வரையறையே. முஸ்லிம் அல்லாதாருக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் இதனை எவ்வாறு அணுகின என்பதை இக்கட்டுரையில் வரலாற்று நோக்கில் ஆராய்வோம்.

ஆங்கிலச் சட்ட மரபு, சொத்துரிமையைப் பெயர்ப் பதிவை ஒட்டியே கண்டது. மலாயாவின் 1957 ஆம் ஆண்டுத் திருமணமான பெண்கள் சட்டம், மனைவி தனக்கெனச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை உறுதிசெய்தது. எனினும் கணவன் பெயரில் உள்ள வீட்டில் அவளுக்குள்ள பங்கை அது கூறவில்லை. சிங்கப்பூரில் 1961 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மாதர் சாசனம் ஒருதார மணத்தை நிலைநாட்டியது. ஆனால் சொத்தைப் பகிரும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அது தொடக்கத்தில் வழங்கவில்லை.

மலேசியாவின் 1976 ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்தச் (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1.3.1982 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 76 ஆம் பிரிவு, மணவாழ்வில் ஈட்டிய சொத்துகளை இரு வகைப்படுத்தியது. கூட்டு முயற்சியால் வந்தவற்றைச் சமமாகப் பகிர்வதை நோக்கி நீதிமன்றம் சாய வேண்டும். ஒருவரின் தனி முயற்சியால் வந்தவற்றில், இல்லத்தைப் பேணியவரின் பங்களிப்பும் கருதப்படும். ஆயினும் ஈட்டியவருக்கே பெரும்பகுதி சேரும். சிங்கப்பூர் 1980 ஆம் ஆண்டு இயற்றிய திருத்தமும் பெரும்பாலும் இதனை ஒத்திருந்தது.

இப்பாகுபாட்டின் விளைவைத் தமிழர் வாழ்வில் பொருத்திப் பார்ப்போம். தோட்டப்புறத்தில் குடியிருந்த வீடு தோட்ட நிருவாகத்துக்குரியது. பகிர்வதற்கு அசையாச் சொத்து அரிது. பால்மரம் வெட்டிய பெண்ணுக்குக் கூலி உண்டு. வீடு திரும்பியபின் சமைத்ததற்கும் பிள்ளை வளர்த்ததற்கும் கணக்கு இல்லை. நகர்ப்புறத்தில் கணவன் பெயரில் கடன் பெற்று வீடு வாங்கிய குடும்பத்தில், வேலைக்குச் செல்லாத மனைவியின் நிலை இன்னும் கடினமானது. அவளுடைய உழைப்பு சட்டத்தின் கண்ணில் பட்டது. ஆனால் இரண்டாம் தரமாகவே பட்டது.

சிங்கப்பூரில் 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளை வாங்க முடிந்தமையால், வீடே பல குடும்பங்களின் தலையாய சொத்தாயிற்று. 1996 இல் இயற்றப்பட்டு 1.5.1997 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பழைய பாகுபாட்டைக் கைவிட்டு, ‘நியாயமும் நேர்மையுமான’ பகிர்வை அளவுகோலாக்கியது. கொடையாகவோ மரபுரிமையாகவோ வந்த சொத்து, மணவாழ்வில் மற்றவரால் அல்லது இருவராலும் கணிசமாக மேம்படுத்தப்படாவிடில், பகிர்வுக்கு உட்படாது. குடும்பம் வாழ்ந்த வீடு மட்டும் இதற்கு விலக்கு. பெற்றோர் மகளுக்குக் கொடையாக அணிவித்த நகையையும் இவ்விதியைக் கொண்டே அணுகுதல் வேண்டும்.

வழக்குத் தீர்ப்புகள் இதனை மேலும் செம்மைப்படுத்தின. 2007 ஆம் ஆண்டின் ‘என்கே எதிர் என்எல்’ வழக்கில், சொத்துகளை வகைவகையாகப் பிரித்துப் பகிரும் முறையும், அனைத்தையும் ஒருங்கே மதிப்பிடும் முறையும் ஏற்கப்பட்டன. 2015 இல் ‘ஏஎன்ஜே எதிர் ஏஎன்கே’ வழக்கு, நேரடிப் பங்களிப்புக்கு ஒரு விகிதம், மறைமுகப் பங்களிப்புக்கு ஒரு விகிதம், பின்னர் இரண்டின் சராசரி என்னும் முறையை வகுத்தது. ஆயின் ஒருவர் மட்டுமே ஊதியம் ஈட்டிய நீண்ட மணவாழ்வில், இம்முறை இல்லத்தரசிக்குப் பாதகமாகும். நேரடிப் பங்களிப்பில் அவள் பங்கு பூச்சியமாகிவிடும். 2017 இல் ‘டிஎன்எல் எதிர் டிஎன்கே’ வழக்கு அத்தகைய மணங்களுக்கு இம்முறை பொருந்தாது என்று தீர்த்தது. அவற்றில் பகிர்வு சமத்தை நோக்கியே செல்லும்.

மலேசியா இம்மாற்றத்துக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது. 2017 இல் நிறைவேறி 15.12.2018 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், தனி முயற்சி பற்றிய உட்பிரிவுகளை நீக்கியது. இல்லம் பேணியவரின் பங்களிப்பும் மணவாழ்வின் கால அளவும் கருதவேண்டிய கூறுகளாயின.

சொத்தை ‘ஈட்டுதல்’ என்னும் சொல்லின் பொருள் விரிந்ததே இவ்வரலாற்றின் சாரம் எனலாம். பணம் கொணர்ந்தவர் மட்டுமே ஈட்டியவர் என்ற கருத்து தளர்ந்து, அவர் பணம் கொணர்வதற்கு வழிசெய்தவரும் ஈட்டியவரே என்ற கருத்து வலுப்பெற்றது. இருப்பினும் பங்களிப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு வழக்காடுபவரைச் சார்ந்தது. வங்கிக் கணக்குக்குச் சான்று உண்டு. அடுப்படி உழைப்புக்கு இரசீது இல்லை. சட்டம் திறந்துவிட்ட வழியைப் பெண்கள் பயன்படுத்த வேண்டுமாயின், அவர்கள் அதனை முதலில் அறிந்திருத்தல் இன்றியமையாதது. அவ்வறிவைத் தாய்மொழியில் கொண்டுசேர்ப்பது தமிழ்க் கல்வியாளராகிய நம் கடமையுமாகும்.