ஜாம் போத்தல் விளக்கும் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரும்

இன்று இருபது வயதிலிருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஜாம் போத்தல் விளக்கைத் தெரிந்திருக்க நியாயமில்லை. தொண்ணூறுகளில் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் மின்சாரம் போயிற்று. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமருந்தாயிற்று. கிடைத்தபோதும் விலை பன்மடங்கு. அரிக்கன் லாம்புக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுபடியாகாது. எனவே வெற்று ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டோம். பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டையில் திரியைச் செருகி உள்ளே நிறுத்தினோம். சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும். காற்றும் அணைக்காது. அந்தச் சுடரின் கீழ்தான் நான் பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் படித்தேன்.

ஆனால் எல்லா வீட்டிலும் இந்த விளக்கு இருக்கவில்லை. மருந்துப் போத்தலின் வாயில் தகரத் துண்டொன்றைத் தளர்வாகச் செருகித் திரியிட்ட குப்பி விளக்குகளும் எரிந்தன. அவை உயரமானவை, எடையற்றவை. முழங்கை பட்டால் போதும், சரிந்து உருளும். திரி கழன்று விழ, எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். கிடுகு வேய்ந்த வீட்டில், நைலோன் உடுப்புடன் அருகில் ஒரு பிள்ளை இருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் அயலில் அப்படித்தான் ஒரு சிறுமி எரிந்தாள். சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தாள். கழுத்தில் வடுவும் மடங்கிய விரல்களும் எஞ்சின. ஊர் சொன்னது ஒன்றுதான்: 'துடியாட்டம் கூடின பிள்ளை, கவனமில்லை.' தாயையும் ஏசினார்கள். விளக்கை ஒருவரும் ஏசவில்லை.

நானும் ஏசவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். பத்திரிகைக்கு வந்த பின்பு இத்தகைய செய்திகளைப் பல தடவை எழுதினேன். 'விளக்குத் தவறி விழுந்ததில்' என்று தொடங்கி மூன்று வரியில் முடித்துவிடுவேன். ஏன் விழுந்தது, விழுந்தாலும் ஏன் எரிய வேண்டும் என்ற கேள்விகள் எனக்குத் தோன்றவேயில்லை.

அந்தக் கேள்விகள் அதே காலத்தில், போர்முனைக்கு மறுபுறம், விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தோன்றின. தீக்காயங்களுடன் வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தவர் அவர். சத்திரசிகிச்சை அறைக்குள் அவரால் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை இருந்தது. தோலை ஒட்டலாம், எரிந்ததை எரியாததாக்க முடியாது. ஆகவே விளக்கையே மாற்ற முனைந்தார். குள்ளமாகவும் தடிப்பாகவும் இருக்கும் மார்மைட் போத்தல் அவருக்கு யோசனை தந்தது. அவருடைய விளக்கு தடித்த கண்ணாடியாலானது, கனமானது, எளிதில் சரியாது. சரிந்தாலும் உருண்டோடாதபடி இரு பக்கங்கள் தட்டையானவை. திரியைத் தாங்கும் உலோக மூடி திருகி இறுக்கப்படுவதால் எண்ணெய் கொட்டாது. இதில் புதிய விஞ்ஞானம் எதுவுமில்லை. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில், தொழிற்சாலையில் பல இலட்சக்கணக்கில் செய்விக்கப்பட்டது. இதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அமெரிக்காவில் வில்லியம் ஹடன் என்ற மருத்துவர் அறுபதுகளிலேயே இதைத்தான் வீதி விபத்துகள் பற்றிச் சொன்னார். சாரதியைத் திட்டுவதோடு நில்லாமல், மோதினாலும் மனிதன் சாகாதபடி வாகனத்தையும் வீதியையும் அமையுங்கள் என்பது அவரது வாதம்.

இப்போது நினைத்தால் ஒன்று விளங்குகிறது. எங்கள் ஜாம் போத்தல் விளக்கு சிக்கனத்துக்காகப் பிறந்ததே தவிர, பாதுகாப்பை எண்ணிச் செய்ததல்ல. ஆயினும் எண்ணெய் பஞ்சில் ஊறிக் கிடந்ததால் கொட்டுவதற்கு அதில் அதிகமில்லை. சுடரும் கண்ணாடிக்குள் இருந்தது. பற்றாக்குறை நம்மை அறியாமலே ஓரளவு காப்பாற்றியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அதைக் கண்டுபிடித்த பெயர் தெரியாத மனிதருக்கு யாரும் விருது கொடுக்கவில்லை.

இது பழங்கதையென்று ஒதுக்கிவிட 2021 விடவில்லை. அவ்வாண்டின் இறுதியில் இலங்கையெங்கும் சமையல் எரிவாயு அடுப்புகள் வெடித்தன. குழாயைப் பாருங்கள், ரெகுலேட்டரைப் பாருங்கள், பழையதை மாற்றுங்கள் என்று முதலில் அறிவுரை வந்தது. மறுபடியும் குசினியில் நின்ற பெண்தான் குற்றவாளி. பின்னர் ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டருக்குள் இருந்த வாயுவின் கலவை விகிதம் மாற்றப்பட்டதையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருந்த நாட்டில்தான் இது நடந்தது. இம்முறை மூன்று வரியில் முடிக்கவில்லை. கலவை பற்றியே எழுதினேன்.

அடுத்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்தை எட்டியபோது, அலுமாரியில் ஜாம் போத்தல் தேடினேன். கிடைத்தது. வால்வுக் கட்டைக்குத்தான் சைக்கிள் கடைக்குப் போக வேண்டியிருந்தது. கடைக்காரப் பெடியனுக்கு அது எதற்கென்று விளங்கவில்லை. உள்ளே இருந்த அவனுடைய தகப்பன் சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்துத் தந்தார்.